கதவில் எழுதியிருந்தது

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தரவுத்தளத்தைத்தான் தொலைத்திருக்கிறேன். அதுவும் தொலையவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒரு முழு நாள் காணாமல் போனது என் மூளை மட்டும்தான். (மனைவி இதைப் படித்தால் 'ஒரு முழு நாள்' என்பதை ஆட்சேபிப்பாள்.)

தேவிகுளத்துக்கும் போடிமெட்டுக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். போடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவன் என்பதால், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் ஃபேக்டரியில் டிவி படம் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எல்லாம் தெரியும்.

பிறந்து வளர்ந்ததும் அங்கேதான், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில். எங்கள் லயங்களில் ஒரு பழக்கம் உண்டு. கூரை ஒழுகுகிறது என்றோ வேறு காரணம் சொல்லியோ எஸ்டேட் ஒரு குடும்பத்தை வேறு லயத்துக்கு மாற்றினால், போகிறவர்கள் பழைய வீட்டுக் கதவில் சாக்பீசால் 'மேல் லயம், நாலாம் முறி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். (முறி என்றால் அறை.) தபால்காரர், விருந்தாளி, சீட்டுக்காரர் எல்லோரும் அதைப் படித்துவிட்டு மேலே ஏறுவார்கள். நானும் ஐந்து வயதிலிருந்து படித்து ஏறியவன்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய தொழிலாளர் ரெஜிஸ்டர் முழுவதும் இருந்தது. யாருடைய தாத்தா எந்த வருஷம் மலையேறினார், எந்த லயத்தில் இருந்தார் என்ற விவரமெல்லாம். குடும்பம் தலைமுறையாக இங்கே இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் கேட்டுப் போகிறவர்களுக்கு இந்த விவரத்தை வைத்துத்தான் நாங்கள் கடிதம் கொடுப்போம். எனக்கு முன்னால் இருந்த கிளார்க், சி டிரைவில் இடம் போதாமல் ரெஜிஸ்டரை டி டிரைவுக்கு மாற்றியிருந்தார். பழைய இடத்தில் சீட்டு மாதிரி ஒரு சின்னக் கோப்பு மட்டும் விட்டுவைத்தார். உள்ளே ஒரே வரி: ரெஜிஸ்டர் இப்போது எங்கே இருக்கிறது என்ற முகவரி. தரவுத்தள மென்பொருள் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத் தானாக டி டிரைவுக்குப் போய்விடும். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது.

ஃபேக்டரியில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் இந்தச் சீட்டு வேலை கிடையாது. அங்கே பழைய இடத்தைத் தொட்டாலே புதிய இடத்துக்குக் கொண்டுபோகிற ஓர் இணைப்பைச் சிஸ்டமே முறைப்படி போட்டுக் கொடுக்கும். விண்டோஸில் முன்பு அந்த வசதி சரியாக இல்லாததால்தான் மென்பொருள்காரர்கள் சீட்டை வைத்துச் சமாளித்தார்கள். பிறகு விண்டோஸிலும் இணைப்பு வந்துவிட்டது. உடனே அவர்கள், இரண்டு இடத்திலும் ஒரே முறை, எல்லாவற்றையும் எளிமையாக்குகிறோம், புதிய பதிப்பு இனிமேல் சீட்டைப் பார்க்காது என்று தெளிவாக அறிவித்திருந்தார்கள். 'அறிவிப்பைப் படித்தேன்' என்ற கட்டத்தில் நானும் தெளிவாக டிக் அடித்தேன். படிக்கவில்லை.

புதிய பதிப்பைப் போட்டு முடித்த காலையில் பேச்சியம்மாள் வந்தார். எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுப்பவர். மகள் கவிதாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் மறுநாள் சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. சான்றிதழுக்குத் தாத்தா பெயர் இருக்கும் எஸ்டேட் கடிதம் வேண்டும். "உக்காருங்கக்கா, டீ ஆறதுக்குள்ள அடிச்சுத் தாரேன்" என்றேன்.

டீ ஆறியது. திரையில் ரெஜிஸ்டர் இல்லை. ஆயிரக்கணக்கான தாத்தாக்கள் ஒரே காலையில் மறைந்திருந்தார்கள்.

நான் பதறவில்லை. (பதறினேன்.) வாரம் தவறாமல் பேக்கப் எடுத்த ஆள் நான். அந்தப் பென் டிரைவைத் துரையின் இரும்புப் பெட்டியில் பூட்டி, ஆயுத பூஜைக்குக் குங்குமம் வேறு வைத்திருந்தேன். (மேனேஜரை எங்கள் பக்கம் இன்றைக்கும் துரை என்றுதான் சொல்வோம். இவர் கோட்டயத்துக்காரர்.) துரை முன்னால் அதைச் செருகித் திறந்தேன். தேதிவாரியாக, அழகாக, ஐம்பத்திரண்டு வாரத்து பேக்கப். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரிச் சீட்டு. வேறு ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாக நான் வீட்டைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு கதவைப் படம் எடுத்திருக்கிறேன்.

அப்போதாவது அந்த வரியைப் படித்திருக்கலாம். அது ஏதோ குப்பை, கோப்பு கெட்டுப்போன மிச்சம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். காகித ரெஜிஸ்டர்கள் கொச்சி கிடங்கில் இருந்தன. அங்கிருந்து வர இரண்டு நாளாகும். துரை, "இனி எந்தா வழி?" என்று அமைதியாகக் கேட்டார். அந்த அமைதிக்குப் பயந்து ஒரு யோசனை சொன்னேன்: எல்லாரையும் கூப்பிட்டுப் புதிதாக எழுதிவிடலாம்.

அன்று சாயங்காலம், தினமும் ஆஜர் எடுக்கிற மஸ்டர் ஷெட்டில் எஸ்டேட்டே வரிசையில் நின்றது. ஒருவர் தன் தாத்தா மலையேறியபோது இங்கே யானை மட்டும்தான் இருந்தது என்றார். அடுத்தவர், அந்த யானையைப் பிடித்ததே தன் தாத்தாதான் என்றார். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். தொழிற்சங்கச் செயலாளர் கடைசியில் வந்து, இந்தக் கணக்குப்படி பாதிப் பேர் தேயிலைக்கே முன்னால் வந்துவிட்டார்களே, அது பரவாயில்லையா என்று மட்டும் விசாரித்தார். இப்படி எழுதியதை வைத்துக் கடிதம் கொடுக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பேச்சியம்மாள் மகளோடு வந்து எதிரே உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். கவிதா பைலை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் என் நிரபராதித்தனத்தை நிரூபிக்க, மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி அந்தச் சீட்டைத் திறந்து காட்டினேன். "பாருங்கக்கா, இதுதான் மிச்சம்."

"என்னட்டி எழுதியிருக்கு?" என்று மகளைக் கேட்டார் பேச்சியம்மாள்.

"டி, பழைய ரெஜிஸ்டர்னு போட்டிருக்கும்மா."

பேச்சியம்மாள் மானிட்டரை எட்டிப் பார்த்தார். "வீடு மாறிப் போறவுக கதவுல எழுதிப் போட்ட மாதிரியில்ல இருக்கு. அங்கன போய்ப் பாத்தீகளா தம்பி?"

போய்ப் பார்க்கவில்லை.

டி டிரைவைத் திறந்தேன். அத்தனை தாத்தாக்களும் அங்கே இருந்தார்கள், என்னை எதிர்பார்த்துக் களைத்துப் போனவர்களைப் போல. சீட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் முறையான இணைப்பு போட ஒரே ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அதையும் தப்பாக அடித்து மூன்று முறை தட்டினேன். கடிதம் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. துரை கையெழுத்துப் போட்டுத் தன் ஜீப்பையே கொடுத்தார். அவர்கள் தேவிகுளம் போய்ச் சான்றிதழ் வாங்கி, காலேஜ் அடைக்க அரை மணி இருக்கும்போது கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கவிதா இப்போது தொடுபுழையில் நர்ஸ். போன வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுக்க வந்தவள், நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்திவிட்டு, "எங்க இருக்குன்னு எழுதி வச்சிருந்தா நல்லாருக்கும்ணே" என்றாள்.

எஸ்டேட்டில் இன்றும் யாருக்காவது களைக்கொத்தோ குடையோ காணவில்லை என்றால், கிளார்க்கைக் கேட்காதே, கதவைப் பார் என்பார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சென்ற மாதம் எங்களைக் கீழ் லயத்துக்கு மாற்றினார்கள். நான் கொச்சிக்குப் போயிருந்த நாளில் மனைவியே சாமானை ஏற்றி இறக்கிவிட்டாள். பழைய வாசலில் வந்து நின்றேன். கதவில் பெரிய எழுத்தில், சாக்பீசில்:

'கீழ் லயம், ரெண்டாம் முறி. இது குப்பை இல்லை. படிச்சிட்டு வாங்க.'