ஒன்பதுக்கும் டிக்

எலினெட் அந்தக் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தாள். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கிளினிக்கின் மருந்தாளுநர் வீட்டுக்கே வருகிறாராம். அவள் மாதாமாதம் வாங்கும் மருந்துகளைப் பார்த்து, தேவையில்லாதவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாராம்.

சமையலறை அலமாரியைத் திறந்தாள். முதுகுவலிக் களிம்பு ஒன்று காலில் விழுந்தது. உள்ளே இன்னும் பத்தொன்பது இருந்தன.

எழுபத்திரண்டு வயது எலினெட் உண்மையில் விழுங்குவது மூன்று மாத்திரை. மாதச் சீட்டில் இருப்பதோ ஒன்பது மருந்து, எல்லாம் இலவசம். வேண்டும் என்று ஒன்பதுக்கும் டிக் போடுவாள். அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் எல்லோரும் அப்படித்தான். டிக் போடாத மருந்து சில மாதங்களில் பட்டியலிலிருந்து தானாக உதிர்ந்துவிடும். அதைத் திரும்பச் சேர்க்கக் காலை எட்டு மணிக்குப் போன் செய்து, 'உங்களுக்கு முன்னால் இருபத்தாறு பேர்' என்கிற குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குக் களிம்பு காலில் விழுவதே மேல்.

புதன்கிழமை மதியம், கடைக்குப் போகும் சக்கரப் பையில் அலமாரியைக் கவிழ்த்து, பக்கத்து வீட்டு இட்வலின் கதவைத் தட்டினாள்.

"என்ன, வீடு மாத்துறியா?" என்றார் அந்த ஓய்வுபெற்ற தபால்காரர்.

"ஒரே ஒரு நாள் வச்சிரு. நாளைக்கு எனக்குச் சோதனை."

இட்வல் அவளை உள்ளே கூட்டிப்போய்க் கட்டில் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். கீழே மலச்சிக்கல் பொடி, பெட்டி பெட்டியாக.

"எனக்கு அடுத்த வாரம். நானே உன்கிட்ட வரணும்னு இருந்தேன். ஒரு தடவை பார்த்த வீட்டுக்கு அவங்க திரும்ப வரமாட்டாங்க. நாளையிலிருந்து உன் வீடுதான் பத்திரம்."

ஒரு பையோடு போனவள் இரண்டு பையோடு வெளியே வந்தாள்.

அடுத்தது தேவாலயம். சாவி அவள் தோழி ஆல்வெனிடம் இருந்தது.

"பாட்டுப் புத்தக அலமாரியில ஒரு ஓரமா வச்சுக்கட்டுமா?"

ஆல்வென் பெருமூச்சு விட்டு அலமாரியைத் திறந்தாள். தட்டுக்குத் தட்டு பெயர் ஒட்டியிருந்தது.

"மேல்தட்டு பாட்டுக் குழு. நடுவுல பவல் குடும்பம். பாதிரியாரோட நெஞ்செரிச்சல் மருந்து ஆர்கனுக்குப் பின்னால இருக்கு. இடம் எங்கடி இருக்கு?"

"பாட்டுப் புத்தகமெல்லாம்?"

"எல்லாருக்கும் மனப்பாடம்தானே."

கடைசியில் இரண்டு பையும் இட்வலின் கார் டிக்கிக்குள் போயின. அன்றிரவு எலினெட் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் மாத்திரை போடப் போனபோதுதான் தெரிந்தது, தினமும் விழுங்கும் மூன்றையும் அவசரத்தில் பையோடு அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்கு ஓடினாள். கார் இல்லை. கண் பரிசோதனைக்காக இட்வல் ஸ்வான்சீ நகருக்குப் போயிருந்தார்.

சரியாகப் பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. மருந்தாளுநர் கேட்ரின், நாற்பது வயதுக்காரி, நனைந்த கோட்டோடு உள்ளே வந்தாள். தேநீரை மறுத்துவிட்டு நேராக அலமாரியைத் திறந்தாள்.

"ஒண்ணுமே இல்லையே."

"எல்லாம் தீர்ந்து போச்சும்மா."

"இருபது டியூப் களிம்புமா?"

"எனக்கு முதுகு கொஞ்சம் பெரிசு."

கேட்ரின் அந்த ஒல்லி முதுகை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, இன்னைக்குக் காலையில என்ன மாத்திரை போட்டீங்க?"

எலினெட் ஜன்னலை எட்டிப் பார்த்தாள்; இட்வலின் கார் இன்னும் வரவில்லை. போச்சு, ஒன்பதும் போச்சு. இனி ஆயுள் முழுக்கக் காலை எட்டு மணி, இருபத்தாறு பேர்.

கேட்ரின் பட்டியலை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். எதையும் அடிக்காமல் மறுபடி மூடினாள். அலமாரிக்குள் தலையை விட்டு, தட்டுகளின் ஆழத்தைச் சாண் போட்டு அளந்தாள். பிறகு ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு எங்கம்மா வீட்டுல சோதனை, வரப்போறது என் மேலதிகாரி. கார்ல ஏழு பை இருக்கு, இங்க இறக்கிடட்டுமா?"