விடுபட்டோர் மணி

மனித குலம் இதுவரை நிறைவேற்றிய தீர்மானங்கள் அனைத்தும் யாரோ ஒருவருடைய மனத்தை நோகடித்தவையே. ஒருவர் மனமும் நோகாத தீர்மானத்தை முதன்முதலில் நிறைவேற்றிய பெருமை எங்கள் சங்கத்தையே சேரும். அதன் செயலாளர் என்ற முறையில், நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஐயம் உள்ளவர்கள் கேட்டால் நகல் தரப்படும்.

சங்கத்தின் பெயரைச் சொல்லவில்லையே என்று நினைக்க வேண்டாம். தன்பாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர், தங்களை எந்தப் பெட்டிக்குள்ளும் போட்டுக்கொள்ளாதோர் என எல்லோருக்கும் உரிமை வாங்கித் தரத் தொடங்கிய சங்கம் இது. இவர்களில் யாரை முதலில் எழுதுவது என்ற கேள்வி ஆறு ஆண்டுகளாகப் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரைக்கும் எங்கள் கடிதத்தாளின் உச்சியில் 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று அச்சடித்திருக்கிறோம். நல்ல தடித்த எழுத்து. தூரத்திலிருந்தே தெரியும்.

கூட்டம் நடப்பது ஓர் அழகு நிலையத்தின் மாடியில், அதற்கு விடுமுறை நாளான திங்கட்கிழமைகளில். நிலையத்தின் சொந்தக்காரர் ஒரு திருநங்கை. எல்லோருக்கும் அவர் 'அக்கா'. கவிழ்த்த குடம் போல முடி உலர்த்தும் இயந்திரம் தலைக்கு மேல் தொங்கும் நாற்காலிதான் எங்கள் தலைமை நாற்காலி. விவாதம் சூடானால் தலைவர் பொத்தானை அமுக்கிவிடுவார். அதன் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்காது. நடுநிலையைக் காப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் வேறெந்தச் சங்கத்திலும் கண்டதில்லை.

எங்கள் பெருமைக்கெல்லாம் அடிப்படை நான்காம் விதி. மேசை நடுவில் ஒரு மணி இருக்கும். விடுதி வரவேற்பறைகளில் உள்ளங்கையால் தட்டுவார்களே, அந்த மணி. தன்னையோ தன் கருத்தையோ விட்டுவிட்டார்கள் என்று எந்த உறுப்பினருக்குத் தோன்றினாலும் அதைத் தட்டலாம். மணி ஒலித்தால் மறுபேச்சே கிடையாது. விடுபட்டது எதுவோ அதைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். 'விடுபட்டோர் மணி' என்று அதற்குப் பெயர். விதியை எழுதியவன் நான். மணியைத் தேடி வாங்கி வந்தவர் என் அறைத்தோழர்.

அறைத்தோழரைப் பற்றி ஒரு வரி. இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னோடு ஒரே வீட்டில் இருப்பவர். கூட்டத்துக்கு என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை கீழே அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். மேலே வர முடியாது. அவர் உறுப்பினர் அல்ல. உறுப்பினர் படிவத்தில் 'செயலாளருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நான்தான் நிரப்பித் தர வேண்டும். நேரம் கிடைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை தையல்காரி ஒருவர் படியேறி வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் பாதி தைத்த சட்டைகள். அவரும் பேருந்து ஓட்டும் இன்னொரு பெண்ணும் பதினோரு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். ஓட்டுநருக்குப் பித்தப்பையில் கல். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவை சிகிச்சை.

"படிவத்துல சொந்தக்காரங்க கையெழுத்து வேணுமாம் சார். நான் போடறேன்னா, நீங்க யாருங்கறாங்க. அவளுக்கு இருக்கறது ஒரு அண்ணன். பதினோரு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள யாரும் கையெழுத்துப் போடலன்னா அவனைக் கூப்பிடுவாங்களாம்."

"கூப்பிட்டா வரட்டுமேம்மா" என்றார் உறுப்பினர் ஒருவர்.

"வந்தான்னா கையெழுத்தோட போக மாட்டான் சார். ஆளையும் கூட்டிட்டுப் போயிடுவான். மயக்கத்துல இருக்கறவ எப்படி வேண்டாம்னு சொல்லுவா?"

அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு வரிக் கடிதம். இவர்கள் இருவரும் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள் என்பதை அறிவோம், இவரைக் கையெழுத்திட அனுமதிக்கவும். அவ்வளவுதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அதை எழுதி, கையொப்பமிட்டு, சங்க முத்திரையையும் குத்திவிட்டேன். நான்கு நிமிடம் ஆயிற்று. வேறு செயலாளராக இருந்தால் அப்படியே நீட்டியிருப்பார். நான் அதைப் பைக்குள் வைத்தேன். தீர்மானம் நிறைவேறாமல் கடிதம் வெளியே போவது முறையல்ல.

விவாதத்தை வங்கி அதிகாரி தொடங்கினார். உடுப்பில் ஒரு மடிப்புகூடக் கலையாதவர் என்பதால் அவரை 'இஸ்திரி' என்போம். "இவங்களுக்குக் கல்யாணம் சட்டப்படி நடந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. முதல்ல திருமண உரிமையைக் கேக்கணும். மத்ததெல்லாம் பின்னாடி தானா வரும்."

இன்னொரு உறுப்பினரான பேராசிரியர் மணியைத் தட்டினார். "கல்யாணமே ஒரு சிறைங்க. நீங்க அந்தச் சிறைக்குள்ள போக வரிசையில நிக்கச் சொல்றீங்க. கல்யாணம், குடும்பம் ரெண்டையும் ஒழிக்கணும். அப்புறம் சொந்தக்காரங்க யாருன்னு எவனும் கேக்க மாட்டான்."

"வியாழக்கிழமைக்குள்ளயா?" என்று அக்கா கேட்டார்.

"கோரிக்கை வைக்கறது நம்ம கடமை. நாள் குறிக்கறது வரலாறு."

ஆக, முதல் கோரிக்கை: திருமண உரிமையை உடனே எங்களுக்கும் வழங்குக. இரண்டாம் கோரிக்கை: திருமணத்தையும் குடும்பத்தையும் உடனே ஒழித்திடுக. இஸ்திரிக்கு மனம் நொந்தது. மணியடித்தார். மூன்றாம் கோரிக்கை: ஒழிப்பதற்கு முன்பு, விரும்புவோர் ஒருமுறை திருமணம் செய்து பார்க்க ஆறு மாதம் அவகாசம் அளித்திடுக.

இரு தரப்பையும் இவ்வளவு அழகாக அணைத்துச் செல்லும் வாக்கியத்தை நான் அதற்கு முன்பு எழுதியதில்லை என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்து, மருத்துவமனை வாசலில் ஊர்வலம் போவதா என்ற கேள்வி. பேராசிரியர் தலையில் இறகு, உடம்பெல்லாம் மினுமினுப்பு, தாரை தப்பட்டை என்றார். "நம்மள அவங்களுக்குப் பழகிப்போக வைக்கக் கூடாது. அதிர வைக்கணும்."

"இதயநோய்ப் பிரிவு வாசல்லயா?" என்றார் இஸ்திரி. "நாமளும் அவங்களைப் போலத்தான்னு காட்டணும் சார். வெள்ளைச் சட்டை, தேய்ச்ச பேண்ட், நடைபாதையில இடது ஓரமா அமைதியா போகணும். கண்ணியம்தான் முக்கியம்." கண்ணியம் என்று மேசையைக் குத்திய வேகத்தில் அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. தையல்காரி அதைக் குனிந்து எடுத்தார். இஸ்திரி பேசப் பேசவே ஊசி நூல் கோத்துத் தைத்தும் கொடுத்தார். கண்ணியம் பற்றிய உரை தடைபடவில்லை. முடிவில், வெள்ளைச் சட்டை அணிந்து அதன் பையில் ஓர் இறகு செருகிக்கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

"அந்தக் கடிதம்..." என்றார் தையல்காரி.

"அதுக்குத்தாம்மா வந்துக்கிட்டிருக்கோம்" என்றேன்.

கடிதத்துக்கான தீர்மானத்தில் 'நோயாளி' என்ற சொல் வந்தது. பேராசிரியர் மணியடித்தார். நம்மையெல்லாம் நோயாளிகள் என்று சொல்லித்தானே இத்தனை காலம் ஒதுக்கினார்கள் என்றார். நியாயம்தான். 'படுக்கையில் இருப்பவர்' என்று மாற்றினேன். படுக்கையறையை இழுப்பது கண்ணியக் குறைவு என்று இஸ்திரி மணியடித்தார். இறுதியில் 'தற்சமயம் கிடைமட்டமாக உள்ள தோழர்' என்று முடிவாயிற்று.

தையல்காரி ஒருமுறை மணியை நோக்கிக் கை நீட்டினார். பார்வையாளர்களுக்கு அந்த உரிமை இல்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டினேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா அந்த ஆறு ஆண்டுகளில் மணியை ஒருமுறைகூட அடித்ததில்லை. துடைத்து வைப்பதோடு சரி. அவருக்கென்று கோரிக்கை இல்லாமல் இல்லை. தன்னைப் போன்றவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு தருவதில்லை, அதைக் கேளுங்கள் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். அது 'இரண்டாம் கட்டத்தில்' சேர்க்கப்பட்டது. இன்றும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது.

"தம்பி, பையில வச்சிருக்கீங்களே, அதைக் குடுத்து அனுப்புங்க. மிச்சத்தை நீங்க உக்காந்து பேசுங்க" என்றார் அக்கா.

"அது எப்படிக்கா முடியும்? கொள்கை முடிவு இன்னும் எடுக்கலையே."

தலைவர் முடி உலர்த்தியைப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் புதன்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. புதனன்று தையல்காரி வரவில்லை, அக்காவும் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டார். இதனால் பணி வெகுவேகமாக நடந்தது. பதினேழு கோரிக்கைகள், பதினோரு பக்கங்கள். ஓட்டுநரின் கையெழுத்து விவகாரம் பதினான்காவதாக இடம்பெற்றது. என் இரண்டு வரிக் கடிதம் 'இணைப்பு 1' ஆகக் கடைசியில் சேர்க்கப்பட்டது. ஒரு மனமும் நோகவில்லை. கைதட்டினோம். மருத்துவமனை நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்றாலும், வியாழன் காலை பத்தரை மணிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆதாரம் முக்கியம்.

அடுத்த திங்கட்கிழமை தையல்காரி மீண்டும் வந்தார். முகத்தில் சிரிப்பு. ஓட்டுநர் நலமாக வீட்டில் இருக்கிறாராம், கஞ்சி குடிக்கமாட்டேன் என்று சண்டை போடுகிறாராம்.

"அப்ப அண்ணன் வரலையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வரணும்? செவ்வாய்க்கிழமையே அக்கா லெட்டர் குடுத்துட்டாங்களே. கவுண்டர்ல இருந்தவர் சீல் இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். போய்க் கையெழுத்துப் போடுங்கன்னாரு."

விசாரித்ததில் தெரிந்தது இது. அக்கா அழகு நிலையத்தின் கடிதத்தாளில் இரண்டே வரி எழுதியிருக்கிறார். உச்சியில் கத்தரிக்கோலும் சீப்பும் போட்ட தாள். முத்திரையில் இருந்த வாசகம்: 'முன்பதிவு அவசியம்'.

சங்கம் அதிர்ந்தது. ஓர் உரிமை, எவ்விதக் கொள்கை விவாதமும் இன்றி, கத்தரிக்கோல் படம் போட்ட தாளில் கிடைத்துவிட்டது. "இது சமரசம்" என்றார் பேராசிரியர். "இது குறுக்கு வழி" என்றார் இஸ்திரி. ஆறு ஆண்டுகளில் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். இயக்கத்தை முந்திக்கொண்டு உரிமை பெற்றுத் தந்ததற்கு அக்காவிடம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பத் தீர்மானித்தோம். விடுமுறை என்றும் பாராமல் அக்கா கீழ்த்தளத்தில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். படியிறங்கிப் போய்க் கொடுத்தேன். வாங்கி, அதிலேயே கத்தரியைத் துடைத்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து மருத்துவமனையின் பதில் வந்தது. 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும் அவர்களுக்கு' என்று மரியாதையாக விளித்திருந்தார்கள். 'தங்கள் 2-ஆம் கோரிக்கை குடும்பத்தை ஒழிக்கச் சொல்கிறது. 14-ஆம் கோரிக்கை ஒருவரைக் குடும்பமாக ஏற்கச் சொல்கிறது. எதை முதலில் செய்வது எனத் தெரிவிக்கவும். தங்கள் இணைப்பு 1 மட்டுமே வந்திருந்தால் அதுவே போதுமானது.' என் கடிதம் ஒன்றைப் 'போதுமானது' என்று ஓர் அலுவலகம் பாராட்டியது அதுவே முதல்முறை. சட்டம் போட்டு மாட்டலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அறைத்தோழர் அதை வாங்கிப் படித்தார். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தார். கொஞ்ச நாளாக அவருக்குக் கண்ணில் புரை.

"ஏம்பா, எனக்கும் அடுத்த வாரம் ஆபரேஷன் இருக்கு. உன் சங்கத்துல லெட்டர் வாங்கித் தருவியா, இல்ல நான் பார்லர்லயே வாங்கிக்கட்டுமா?"

ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் அழகு நிலையத்துக்குப் போனோம். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களுக்கு ஒரு வரிசை, கடிதத்துக்கு ஒரு வரிசை. கடித வரிசையில் எனக்கு முன்னால் இஸ்திரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பேராசிரியர். அவரோடு ஒரு பெரியவர், கையைப் பிடித்துக்கொண்டு. "இது தற்காலிக ஏற்பாடு. கொள்கையில மாற்றம் இல்ல" என்றார் பேராசிரியர் என்னிடம். "நான் ஷாம்பூ வாங்க வந்தேன்" என்றார் இஸ்திரி. நானும் ஒரு கொள்கை ஆய்வுக்காகவே வந்திருப்பதாகத் தெரிவித்தேன்.

எங்கள் முறை வந்தது. அக்கா கடிதத்தாளை எடுத்தார். மேசையில் மாடியிலிருந்து கொண்டுவந்த எங்கள் மணி இருந்தது, துடைத்துப் பளபளவென்று.

"ரெண்டு பேரும் எத்தனை வருஷமா சேர்ந்து இருக்கீங்க தம்பி?"

"இருபத்திரண்டு."

எழுதினார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

நான் இதுவரை எழுதிய கடிதங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் எண் உண்டு. இந்த ஒரு கேள்விக்கான வார்த்தை அவற்றில் எதிலும் இல்லை. அக்கா பேனாவோடு காத்திருந்தார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"அதுல சில கருத்து வேறுபாடு இருக்குக்கா. அறைத்தோழர்னு போடலாமா, இல்ல ஒரு கூட்டம் கூட்டி..."

என் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டது. கண் சரியாகத் தெரியாததால் முதலில் சீப்பைத் தட்டியது. அப்புறம் தடவிக் கண்டுபிடித்து மணியை அடித்தது.

அவர் உறுப்பினர் அல்ல, அவருக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். படிவத்தை நிரப்பித் தராதவன் யார் என்பது நினைவுக்கு வந்தது. அவர் மறுபடியும் அடித்தார்.