கூரையிலிருந்து விழுந்தவருக்குப் பொருத்தமான திட்டம்

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு டாலர், இருபது சென்ட். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மலைப்பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்றால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எந்த வங்கியும் நம்பித் தராத தொகையை அவருடைய ஒற்றை இடுப்பெலும்பை நம்பித் தந்திருக்கிறார்கள். அந்தப் பெருமைக்குரியவர் டெல்பர்ட் ஸ்ட்ரௌட். தொழில், வீடுகளுக்குக் கூரை போடுவது.

நோயை வெல்ல மனித குலம் கண்டுபிடித்ததிலேயே பெரியது எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் மருந்து என்பார்கள். டெல்பர்ட்டின் சபைப் பாஸ்டர் ஹாஸ்கெல் 'சுமைதாங்கிச் சகோதரர் சங்கம்' என்பார். விசுவாசிகள் மாதாமாதம் பணம் போட வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் மற்றவர்கள் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்வார்கள். இங்கே 'பிரீமியம்' என்ற அசிங்கமான சொல் கிடையாது, 'பங்கு'தான். 'கம்பெனி' கிடையாது, 'குடும்பம்'. எலும்பு முறிந்தவருக்கு வருவது பில் அல்ல, 'தேவை'.

இந்தத் திட்டம் தனக்குச் சரிப்படுமா என்று டெல்பர்ட் யோசிக்காமல் சேரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பாஸ்டரே வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். சிகரெட் உண்டா, பீர் உண்டா, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவதுண்டா, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, நெஞ்சுவலி உண்டா. இருக்க வேண்டியது இருந்தது, இருக்கக் கூடாதது இல்லை. முழுப் பொருத்தம் என்றார் பாஸ்டர்.

டெல்பர்ட்டின் மனைவி வேனிட்டா, நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடையில் முட்டை பொரிக்கிறவள். காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் கேட்டீங்க பாஸ்டர். நோய் வராத ஆளாத் தேடுறாப்புல இருக்கே. வந்தா என்ன தருவீங்கன்னு நாங்க எப்பக் கேக்குறது?"

"அதுக்குப் பேர்தான் விசுவாசம், சிஸ்டர்."

விசுவாசத்துக்கு மாதம் நானூறு டாலர் ஆனது. அந்த மூன்று வருடமும் சங்கம் காட்டிய அன்பைச் சொல்லி மாளாது. மாதாமாதம் வண்ணப் பத்திரிகை வந்தது. கிறிஸ்துமஸுக்குக் காலண்டர் வந்தது. அவர்கள் வீட்டு நாய்க்குக்கூடப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது.

போன வசந்தத்தில் சபையின் கூரை ஒழுகி, பாடகர் குழுவின் தலையில் சொட்டியது. பாஸ்டர் டெல்பர்ட்டைக் கைகாட்டினார். ஒரு சனிக்கிழமை அவர் இனாமாக ஏறினார். கூரை ஈரம். இறங்கும்போது ஏணி தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சங்கத்துக்குச் சொன்னார்கள். சங்கம் கலங்கவில்லை, 'குழு' கூட்டியது. ஐந்து பேர் ஐந்து ஊர்களிலிருந்து தொலைபேசியில் கூடி ஜெபத்தோடு தொடங்கினார்கள். டெல்பர்ட் கட்டிலில் படுத்தபடியே கலந்துகொண்டார். வேனிட்டா போனை அவர் நெஞ்சில் வைத்திருந்தாள். பாஸ்டரும் தன் வீட்டிலிருந்து சாட்சியாகத் தொலைபேசியில் சேர்ந்திருந்தார்.

குழுத் தலைவர் குரல் வெண்ணெயாக இருந்தது. வேலை பார்க்கும்போது பட்ட அடியைச் சங்கம் பகிர்ந்துகொள்வதில்லை, அதை முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி என்று விளக்கினார். இது வேலையா என்று கேட்டார். பாஸ்டர் அவசரமாகக் குறுக்கிட்டு, சபை ஒரு சென்ட்கூடக் கூலி தரவில்லை, ஆகவே சபை முதலாளி ஆகாது என்றார். குழு அதை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் கூலியும் இல்லாமல், கயிறும் இல்லாமல், ஆசைப்பட்டு உயரத்தில் ஏறியிருக்கிறார்; மலையேற்றம், பாராசூட் போன்ற 'சாகச விளையாட்டு'களையும் சங்கம் பகிர்ந்துகொள்வதில்லை என்றார் தலைவர்.

"விளையாடவா போனேன்?" என்றார் டெல்பர்ட். "எனக்கு முட்டிவலி வேற. கர்த்தருடைய வீடு ஒழுகுச்சு, அவருக்காக ஏறுனேன்."

அந்தப் பக்கம் ஐந்து பேரும் கூடிப் பேசிக்கொள்வது தேனீ இரைச்சல் மாதிரி கேட்டது. பிறகு தலைவர் மகிழ்ச்சியோடு தீர்ப்புச் சொன்னார்.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, பிரதர். அப்ப உங்க முதலாளி கர்த்தர். வேலையில அடிபட்டா முதலாளிதான் பாக்கணும். உங்க சார்பா நாங்க அவர்கிட்ட எடுத்துச் சொல்றோம்."

சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரமே ஜெப அட்டைகள் வரத் தொடங்கின. ஐடஹோவிலிருந்து, நெப்ராஸ்காவிலிருந்து, பெயர் தெரியாத சிற்றூர்களிலிருந்து. பூனைக்குட்டிப் படம் போட்டவை, சூரியோதயம் போட்டவை. ஒரு அம்மாள் கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுடும் பக்குவம் எழுதி அனுப்பியிருந்தாள். பணம் மட்டும் எதிலும் இல்லை. வேனிட்டா ஒவ்வொரு உறையையும் தலைகீழாக உதறிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஜெபத்தில் நாட்டம் குறைவு. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் கணக்கு வசூல்காரனிடம் போகும் என்றது. அவன் முதலில் கண் வைப்பது டெல்பர்ட்டின் பிக்கப் வண்டி மேல். வண்டி போனால் ஏணியை ஏற்றிப் போக வழியில்லை. ஏணி போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

வேனிட்டா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே யூனிஸ் என்று ஒரு அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருமானம் கேட்டாள், சொன்னார்கள். இவ்வளவு குறைந்த வருமானக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியே தள்ளுபடி செய்ய ஏற்பாடு உண்டு, ஆனால் காப்பீடு இருந்தால் கிடையாது என்றாள். டெல்பர்ட் சங்கடத்தோடு சங்கத்தின் உறுப்பினர் அட்டையை எடுத்து நீட்டினார். முன்பக்கம் பொன்னெழுத்து. யூனிஸ் அம்மாள் அதைத் திருப்பி, கண்ணாடியை மாட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாய்விட்டுப் படித்தாள். இது காப்பீடு அல்ல. யாருடைய பில்லையும் கட்டச் சங்கத்துக்கோ உறுப்பினருக்கோ எந்தக் கடமையும் இல்லை.

"நல்லவேளை, தம்பி," என்றாள் யூனிஸ் அம்மாள். "நான் பயந்தே போயிட்டேன். உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

கையெழுத்து வாங்கிக்கொண்டு, முழுக் கடனையும் தள்ளுபடிக்கு எழுதினாள். திரும்பும் வழியில் வண்டியை வேனிட்டாதான் ஓட்டினாள்.

சேதி எப்படியோ சங்கத்துக்கு எட்டிவிட்டது. அங்கிருந்து பிராண்டி என்ற பெண் கூப்பிட்டாள். 'தேவை' இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, ஆஸ்பத்திரியே தள்ளுபடி செய்துவிட்டது என்றார் டெல்பர்ட். பிராண்டி தழுதழுத்துப்போய் ஸ்தோத்திரம் சொன்னாள். சங்கம் தாங்கிய சுமைகளில் முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு டாலர் இருபது சென்ட்டை அப்போதே சேர்த்துக்கொண்டாள். அடுத்த மாதப் பங்கை ஒன்றாம் தேதி எடுத்துக்கொள்வோம் என்று நினைவூட்டினாள். பிறகு, பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு ஒரே ஒரு சாட்சி வேண்டும் என்றாள்.

"நம்ம திட்டம் உங்க தேவைக்குப் பொருத்தமா இருந்துச்சான்னு நாலு வார்த்தை சொல்லுங்க, பிரதர். சேரலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவியா இருக்கும்."

டெல்பர்ட் பொய் சொல்கிற ஆள் இல்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னார்.

"எழுதிக்கங்க. நான் நல்லா இருந்த மூணு வருஷமும் இந்தத் திட்டத்துல ஒரு குறையும் இல்ல."