நாலுகால் லூர்து

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. மிச்சத்தை என் அக்கா பார்த்துக்கொண்டாள். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் பக்கம் கர்க்லாண்டுக்குக் குடிவந்த திரேசம்மா அன்ரிக்கோ மகள் சலோமிக்கோ பிரெஞ்சு வராது. பிரெஞ்சு தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டுமாம். "தம்பி தண்ணி மாதிரிக் கதைப்பான்" என்று அக்கா அடித்துவிட்டாள். (பொன்ஜூர், மெர்சி, விரலால் காட்டிப் பாண் வாங்குவது. அவ்வளவுதான் என் தண்ணி!)

சலோமி என்றால் எனக்கு உயிர். அன்ரிக்குத்தான் இன்னும் சந்தேகம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கோடையில், எங்கள் பங்குக் கோயில் சனம் மொன்றியலுக்கு வடக்கே காட்டாறு ஒன்றில் உல்லாசப் பயணம் போனது. பிரெஞ்சு தெரிந்த பிள்ளைகள் முதல் படகில் பறந்துவிட்டார்கள். ஊர்ந்து போன இரண்டாம் படகில் பெரியவர்கள், சலோமி, நான்.

படகோட்டி வழிநெடுகப் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டே வந்தார்.

"என்னவாம் தம்பி?" என்றார் அன்ரி.

"மரமாம், அன்ரி."

படகோட்டி மேலும் ஐந்து நிமிடம் கதைத்தார்.

"இப்ப என்னவாம்?"

"பழைய மரமாம்."

திடீரென்று படகோட்டி இயந்திரத்தை நிறுத்திக் கரையைக் காட்டினார். "லூர்ஸ்! லூர்ஸ்!"

எனக்குப் புல்லரித்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பிரெஞ்சுச் சொல் முழுதாக விளங்கியிருந்தது! "அன்ரி, லூர்து மாதா கெபி!" என்று கத்தினேன்.

அத்தனை பேரும் அந்தப் பக்கம் முழந்தாளிட, படகு சரிந்தது. ஜெபமாலை தொடங்கியது. படகோட்டி உதட்டில் விரல் வைத்துக் கெஞ்சினார். யார் கேட்டது? அன்ரி கைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்துத் தந்தார். "ஒருக்காக் கரையிலை விடச் சொல்லும், தம்பி. கொளுத்திப்போட்டு வாறன்."

நான் படகோட்டியிடம் போய், அன்ரியையும் கரையையும் காட்டி, "மதாம்... லூர்ஸ்... சில்வூப்ளே" என்றேன். அவர் அன்ரியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாத்தீரே, வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு பக்தி!" என்றார் அன்ரி.

கரையோரப் பற்றை விலகியது. ஜெபம் நின்றது.

"தம்பி, மாதா ஏன் நாலு காலிலை வாறா?"

கரடி! கன்னங்கரேலென்று, கொழுகொழுவென்று. (பிரெஞ்சில் லூர்ஸ் என்றால் கரடியாம்!) எல்லோரும் அலறிக்கொண்டு மறுபக்கம் பாய, மீன் றோல்ஸ் தட்டு ஆற்றோடு போனது. எங்கள் கூச்சலுக்குக் கரடியே வெருண்டு ஓடிவிட்டது. (பாவம், அதுதான் உண்மையில் பாதிக்கப்பட்டது.)

திரும்பும் வழியில் தலையைக் குனிந்துகொண்டு, "அன்ரி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்றேன்.

"அதைக் கரடியே சொல்லிட்டுது" என்றார்.

கலியாணம் போச்சு, முடிந்தது கதை என்று ஒரு கிழமை சாப்பாடில்லாமல் கிடந்தேன். அப்போது அன்ரி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். "பொய் சொன்னா ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கமாட்டார். இப்பிடி ஒரு மாப்பிளை தேடினாலும் கிடையாது, பிள்ளை. நாளைக் குறிப்பம்."

இன்றும் வீட்டுக்குப் பிந்தி வந்து, மெத்றோ ரயில் நின்றுவிட்டது என்று நான் வாய் திறந்தால் போதும். சலோமி அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, இது எத்தினை கால் லூர்து?" என்பாள்.