துரைக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தேன்

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது என்னிடம் இன்றுவரை கிடையாது. வைத்தியர் தவறான மருந்தைக் கொடுத்தாலும் கேட்க வெட்கப்பட்டு அதையே குடித்துவிடுகிற ரகம் நான். (இருமலுக்குப் போய்ப் பேதி மருந்தோடு திரும்பியிருக்கிறேன். பேதிக்குப் பயந்து இருமல் நின்றது உண்மை.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பத்தமடைப் பக்கம் வயலில் கிடந்தவன், நாலாம் வகுப்புப் படிப்பை நம்பிப் பாளையங்கோட்டைக்கு வந்து, வாய்க்கால்களைக் கவனிக்கும் இஞ்சினீர் துரையின் பங்களாவில் தற்காலிகச் சேவகனாகச் சேர்ந்திருந்தேன். அங்கே பட்லர் மதுரநாயகம் அண்ணாச்சி. அவருக்கு ஜெபமணி என்று ஒரு மகள். “வேலை நிரந்தரமாகட்டும், பொண்ணத் தாரேன்” என்று என் அய்யாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரம் செய்ய வேண்டியவர் துரை. ஆக, துரை சிரித்தால் எனக்குக் கல்யாணம்.

துரை சிரிப்பது ஒரே இடத்தில்தான். கோல்ஃப் மைதானத்தில். நீளக் கம்பால் ஒரு சின்னப் பந்தை அடித்து அடித்துத் துரத்திக்கொண்டே போய், எங்கோ இருக்கும் குழியில் விழவைக்க வேண்டும். விழுந்ததும் கையை விட்டு எடுத்துவிடுவார்கள். (எடுப்பதற்கு எதற்காகப் போட வேண்டும்? இதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.) மைதானத்தின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. மாவட்டத்து வாய்க்கால்களெல்லாம் துரைக்கு அடங்கின. இது ஒன்று மட்டும் அவர் பந்துகளை விழுங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் நம் துரையோடு ஆட வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் அண்ணாச்சி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“ஏலே ஞானமுத்து, இதுல ரெண்டு வகைப் பந்து கலந்து கெடக்காம். நம்ம மைதானத்துக்குத் தக்கதா ஆறு எடுத்துப் பையில வைக்கச் சொல்லுதாரு தொரை. எதுன்னு தெரியும்லா?”

“தெரியும் அண்ணாச்சி.”

தெரியாது. பெட்டியைத் திறந்தேன். எல்லாம் நாட்டுக்கோழி முட்டை அளவு. எல்லாம் வெள்ளை. மேலே சீத்தாப்பழம் மாதிரி சின்னச் சின்னப் புடைப்பு. முகர்ந்து பார்த்தேன். காதருகே வைத்துக் குலுக்கினேன். ஒன்றைக் கடித்தும் பார்த்தேன். அண்ணாச்சி இருபது அடி தூரத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், ‘இதுகூடத் தெரியாதவனுக்கா பொண்ணு?’ என்று நினைத்துவிட்டால்?

யோசித்தேன். இரண்டு வகை என்றால் என்ன? ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. நல்லதையும் கெட்டதையும் பிரிக்க எனக்குத் தெரியாதா? எத்தனை போகம் விதைநெல் பிரித்திருப்பேன்! தண்ணீரில் கொட்டினால் முங்குவது வித்து, மிதப்பது பதர். முட்டைக்கும் அதே சட்டம்தான். மிதந்தால் கூமுட்டை.

தோட்டத்துத் தொட்டியில் பந்துகளைக் கொட்டினேன். சொல்லிவைத்தாற்போல் பாதி முங்கின, பாதி மிதந்தன. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். முங்கியவற்றில் ஆறைத் துடைத்துப் பையில் வைத்தேன். மிதந்தவற்றை? பதரைக் கட்டிவைத்து அழுகிறவன் பயிர் வைக்கிற சம்சாரியா? பங்களாவுக்குப் பின்னாலும் ஓடிய அதே மைதானத்து வாய்க்காலில் எறிந்தேன். அவை வரிசையாக மிதந்து போன அழகை நின்று ரசிக்கவும் செய்தேன்.

சாயங்காலம் ஆட்டம். பையைச் சுமந்தபடி நான். தேநீர்க் கூடையோடு அண்ணாச்சி. துரையின் பந்து பறந்து போய் வாய்க்காலில் ‘ளொடக்’கென்று விழுந்தது. துரை பதறவில்லை. கரையில் நின்று, புகைக்குழாயைப் பற்றவைத்து, மலைத்துரையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எதுக்கு அண்ணாச்சி காத்துக்கிட்டு நிக்காவ?”

“அது மிதக்குத பந்துல்லாலே! இந்த வாய்க்காலுக்குன்னே தொரை சீமையிலேர்ந்து வரவழைச்சது. இப்ப மேல வரும் பாரு.”

பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

பந்து வரவில்லை. இன்னொன்றை அடித்தார். அதுவும் வாய்க்காலைத் தேடிப் போய் விழுந்தது. மூன்றாவதும் முங்கியபோது துரை மெல்ல என் பக்கம் திரும்பினார். விஷயத்தைச் சொல்லவேண்டிய நேரம். வாய்க்குப் பதிலாகக் கால் வேலை செய்தது. பந்தை எடுக்கத் தலைப்பாகையோடு குதித்துவிட்டேன்.

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஆறு ஓடும் சீமையில் பிறந்துவிட்டு இது என்ன கூத்து என்பீர்கள். நாலு பேர் முன்னால் துணி அவிழ்க்க வெட்கம். எல்லாரும் குளித்துப் போன பிறகு கரையோரம் நனைந்துவிட்டு வந்துவிடுவேன். வாய்க்காலில் மூன்று முறை முங்கினேன். மூன்றாம் முறை அண்ணாச்சி துரையின் வளைந்த கம்பை என் சட்டைக் காலரில் கொளுவி இழுத்துப் போட்டார்.

நான் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தபோது வாய்க்காலின் கீழ்மடையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் ஒருவர் துண்டில் ஏதோ கட்டிக்கொண்டு வந்தார்.

“அய்யா, கோழிமுட்டை கணக்கா என்னமோ மடையில வந்து அடைச்சிக் கெடக்கு. தண்ணி ஏற மாட்டேங்கு.”

துண்டை அவிழ்த்தார். என் பதர்கள்.

“ஏலே, நீயா எறிஞ்ச?” என்றார் அண்ணாச்சி.

“தண்ணியில போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. முங்குனது நல்ல வித்து. மிதந்தது பதருன்னு...”

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார். மலைத்துரை சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நம் துரையின் முகம் மிளகாய்ப் பழம் ஆயிற்று. ஆட்டம் தோற்றார். அன்று பொழுது சாய்வதற்குள் என் வேலை போயிற்று.

தலைப்பாகையையும் சேவகன் என்று மார்பில் குத்தியிருந்த பித்தளை வில்லையையும் ஒப்படைக்க அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். “சோலி போச்சு. கல்யாணப் பேச்சும் போச்சு. இனி ஒன் வழியப் பாத்துப் போலே” என்றார். திரும்பினேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெபமணி.

“எய்யா, முங்குனது நல்ல வித்துன்னுதான சொன்னாவ?”

“ஆமா, அந்த மூதி அப்படித்தான் சொல்லிச்சு. அதுக்கென்ன?”

“அவிய மூணு தடவ முங்கியிருக்காவள்லா!”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு ஒரு விதைநெல் வியாபாரியிடம் வேலை கிடைத்தது. (அங்கே என் சட்டம் செல்லுபடியாகும்.) தை பிறந்ததும் கல்யாணம்.

போன மாதம் எங்கள் மூத்த மகளைப் பெண்பார்க்க வந்திருந்தார்கள். பையன் நல்ல சூட்டிகை. பேச்சோடு பேச்சாக, “மல்லாக்க மிதந்துக்கிட்டே ஆத்தைத் தாண்டிருவேன் அத்தை” என்றார். ஜெபமணி பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“மிதப்பியளா?” என்றாள். “அப்ப ஒண்ணுக்கு ரெண்டு தடவ யோசிக்கணுமே.”

என் மாமனாருக்குச் சிரித்துப் புரையேறிற்று. மகள் உள்ளே ஓடிவிட்டாள். வந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். விளக்கம் சொல்லவேண்டியவன் நான். என்னால் முடியுமா?

நல்லவேளை, சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் எங்கள் பக்கம் வந்தால் ஆற்றில் இறங்குவதே இல்லையாம். படித்துறையில் உட்கார்ந்து, செம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறாராம்.