சான் பெத்ரோவும் தவறவேண்டிய விமானமும்

இந்த வருஷம் புனிதர் சான் பெத்ரோவின் சிலையைத் தோளில் சுமப்பதில்லை என்று லியோன்சியோ முடிவு செய்துவிட்டார். புனிதர் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. புனிதர் நிற்கும் படகின் மேல்தான். வைரம் பாய்ந்த மரத்தில் செய்த படகு. சிலையின் கையில் இரும்புச் சாவி வேறு.

அவர் மனைவி ரொசெந்தாவுக்குச் சொந்த ஊர் இலோயிலோ பக்கம். அங்கே திருவிழா ஊர்வலத்தில் அவள் குடும்பத்து மாப்பிள்ளைகள் ஆறு பேர் படகைக் கோயிலிலிருந்து கடற்கரை வரை சுமக்க வேண்டும். ஆறு பேரில் லியோன்சியோதான் உயரம். அதனால் மற்ற ஐந்து பேரும் படகைத் தொட்டுக்கொண்டு ஜெபம் சொல்வார்கள். பாரம் இவர் தோளுக்கு வந்து சேரும். மூன்று வருஷம் எதையெதையோ சொல்லித் தப்பித்துவிட்டார். இந்த வருஷம்தான் மாட்டிக்கொண்டார். மகன் தாந்தே கப்பல் வேலைக்கான பரீட்சையில் தேறினால் அப்பா படகு சுமப்பார் என்று ரொசெந்தா நேர்ந்துகொண்டாள். பையன் தேறிவிட்டான்.

"நேர்ந்துக்கிட்டது நீ. தோளு மட்டும் என்னுதா, மா?"

"சான் பெத்ரோ என் தோளையா கேக்கறாரு? மாப்பிள்ளைங்க தோளைத்தானே கேக்கறாரு. பிள்ளை பாஸாகணும்னு நீயும்தானே அழுத, பா?"

"அழுதேன். தூக்கறேன்னு சொல்லலையே."

"நீ அழுதது அவருக்குக் கேட்டிருக்கு. அது போதும்."

இவளிடம் பேசிப் பயனில்லை, ஊருக்குப் போகும் விமானத்தைத் தவறவிடுவதுதான் வழி என்று லியோன்சியோ தீர்மானித்தார். அவள் மட்டும் போகட்டும். படகை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

இந்த விஷயத்தில் அவர் சாதாரண ஆள் இல்லை. இதுவரை ஏழு விமானங்களைத் தவறவிட்டவர். அந்தத் தகுதியை வைத்து, விமானம் தவறியவர்களுக்கு யோசனை சொல்லும் குழு ஒன்றைப் போனில் நடத்திவந்தார். மூவாயிரம் பேர் இருந்தார்கள். மணிலாவில் மாட்டிக்கொண்டவரும் செபுவில் தூங்கிப்போனவரும் "குயா, குயா" என்று கேட்பார்கள். அந்த நாட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது. தட்டில் சோறு ஆறினாலும் பதில் எழுதிவிட்டுத்தான் சாப்பிடுவார். ரொசெந்தாவின் போன், அவருக்குத் தெரிந்தவரை, ஜெபமாலை சொல்லவும் காலைப் பூசை பார்க்கவும் மட்டுமே.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, பூப்படம் வைத்த சம்பகீதா என்பவள் குழுவில் கேட்டாள்.

"குயா, என் வீட்டுக்காரர் வேணும்னே விமானத்தைத் தவறவிடுவார் போல இருக்கு. நான் என்ன செய்யணும்?"

குழு தொடங்கிய நாலு வருஷத்தில் இப்படி ஒரு நல்ல கேள்வி வந்ததில்லை. லியோன்சியோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, முதல்ல அவரோட அடையாள அட்டையை எடுத்து உன் பையில வச்சுக்கோ. இந்த மாதிரி ஆளுங்க, அட்டையை மறந்துட்டேன்னு பாதி வழியில வீட்டுக்குத் திரும்புவாங்க."

அது அவரே போட்டு வைத்திருந்த திட்டம். ஆனாலும் கேட்டு வந்தவளுக்குக் குறை வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"விமான நிலையத்துல காணாமப் போயிட்டா, குயா?"

"நேரா கவுண்டர்ல போய் நில்லு. விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி சொன்னா அது மாற்றம். கிளம்பின பிறகு சொன்னா நஷ்டம். நேர் விமானம் போனாப் போகட்டும், செபு வழியா மாத்திக் கேளு."

"ஏறின பிறகு வயித்து வலின்னு இறங்கிட்டா?"

"ஜன்னல் சீட்டுல உக்கார வச்சுட்டு நீ பக்கத்துல உக்காந்துக்கோ. உன்னைத் தாண்டி எங்க போவான்?"

அந்த ஆள் பாவம் என்று யாரோ எழுதினார்கள். "பாவம் பாக்காத, தங்கச்சி" என்று லியோன்சியோ முடித்தார். இருநூறு பேர் இதயம் போட்டார்கள். தனக்கு வாய்த்தவள் இந்தச் சூதெல்லாம் அறியாதவள் என்று அன்றைக்கு ஒரு நன்றி ஜெபமும் சொல்லிக்கொண்டார்.

பயண நாள் காலை. தாவாவ் விமான நிலையத்துக்குப் பாதி வழியில் லியோன்சியோ சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்.

"அடடா. அடையாள அட்டையை மேசையிலயே விட்டுட்டேன். நீ போய்க்கிட்டே இரு, மா."

"என் பையில இருக்கு, பா. முன்னாடியே எடுத்து வச்சுட்டேன்."



விமான நிலையத்தில், மச்சானுக்குத் துரியான் பழ மிட்டாய் வாங்க வேண்டும் என்றார் லியோன்சியோ. வெறுங்கையோடு மாமனார் வீட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே கிடையாது. ரொசெந்தா தலையாட்டினாள். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று காப்பி குடித்தார். கவுண்டர் மூடிக் கால் மணி நேரம் கழித்து, துக்க வீட்டுக்குப் போகிறவரைப் போல வந்தார்.

"போச்சே, மா. கடையில ஒரே கூட்டம். எல்லாம் கடவுள் சித்தம்."

"பரவால்ல, பா. செபு வழியா மாத்தி வாங்கிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி சொன்னா அது மாற்றமாம். கிளம்பின பிறகு சொன்னா நஷ்டமாம்."

"யாரு சொன்னா?"

"தெரிஞ்சவர் ஒருத்தர். ரொம்ப நல்ல மனுஷன். மிட்டாய் எங்க?"

மிட்டாய் வாங்கவே இல்லை என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. மறுபடி கடைக்குப் போனார்கள். இந்தத் தடவை ரொசெந்தாவும் கூடவே வந்தாள். வேலைவெட்டி இல்லாத எவனோ ஒருத்தன் குடும்பப் பெண்களுக்கு யோசனை சொல்லித் திரிகிறான் என்று லியோன்சியோ வழியெல்லாம் மனசுக்குள் திட்டினார்.

இன்னும் வயிற்று வலி பாக்கி இருந்தது. விமானத்தில் ஏறியதும் கதவு மூடுவதற்குள் வலி வர வேண்டும். "நீ முதல்ல போ, பா" என்றாள் ரொசெந்தா. போனார். உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிட்டாய்ப் பெட்டியை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டு, ஜெபமாலையை எடுத்தாள்.

லியோன்சியோ வயிற்றைப் பிடித்தார். "மா..."

இடது பக்கம் கண்ணாடி. வலது பக்கம் ரொசெந்தா. அவளுக்கு அப்பால் வழி இருந்தது.

ரொசெந்தா மணியை உருட்டியபடியே, அவர் பக்கம் திரும்பாமல் மெதுவாகக் கேட்டாள்.

"ஜன்னல் சீட்டு வசதியா இருக்கா, குயா?"