குழாய் டாக்டரும் துரையின் புல்வெட்டியும்

என் வாழ்நாளில் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். நோயாளியை "வாங்க, இருங்க" என்று மரியாதையாகப் பேசியவர் அவர்களில் ஒரே ஒருவர்தான். அவருடைய நோயாளிகள் எல்லாரும் இஞ்சின்கள்.

ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது அவர் அங்கே தொழிற்சாலை இஞ்சினைக் கவனித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் எந்நேரமும் இரண்டு முழ ரப்பர் குழாய் தொங்கும். அதன் ஒரு நுனியைக் காதில் செருகி, மறு நுனியை இஞ்சினில் வைத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு வியாதி என்னவென்று சொல்வார். தோட்டம் முழுக்க அவர் "கொழா டாக்டர்"தான். அவருடைய சொந்தப் பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருந்தது. அதை நானே மாதத்துக்கு ஒருமுறை எழுதியும் இப்போது மறந்துவிட்டேன் என்றால் பாருங்கள்.

தொழிற்சாலையின் பெரிய இஞ்சினை அவர் பெரியம்மா என்பார். "பெரியம்மாவுக்கு இன்னைக்கு நெஞ்சு கரகரங்குதுங்க" என்று வந்து நிற்பார். முதல் வாரம் நான் நிஜமாகவே அவருடைய பெரியம்மாவுக்கென்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரும் நன்றி சொல்லி வாங்கிப் போய்விட்டார்.

ஒருநாள் பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஏறினோம். பெரகலை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகியது. டாக்டர் எழுந்து மணியடித்து பஸ்ஸை நிறுத்தினார். இறங்கிப் போய் முன்மூடியில் குழாயை வைத்துக் கேட்டார். "இவங்க அப்புத்தளை வரைக்கும் வர மாட்டாங்க. நான் நடந்தே போயிடுறேன்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் அவரைத் தாண்டிப் போய் ஒரு மைல் ஆகவில்லை, பஸ் படுத்துவிட்டது. அத்தனை பேரும் ரோட்டோரம் நிற்கும்போது டாக்டர் நிதானமாக நடந்து வந்து எங்களைக் கடந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸிடம் மட்டும், "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவருக்கு வந்த பெரிய சோதனை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், லண்டனிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை தம் பங்களாப் புல்தரைக்கென்று தருவித்த புல்வெட்டி. தள்ளிக்கொண்டு போவதல்ல, ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. பக்கத்தில் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். டாக்டர் அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். "புதுப் பொண்ணு. கப்பல்ல வந்த களைப்பு மூஞ்சில தெரியுது" என்றார்.

கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகமும், தடித்தது ஒன்று மெல்லியது ஒன்றாக இரண்டு டின் எண்ணெயும் வந்திருந்தன. புத்தகத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. சாவகச்சேரியிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன எனக்கு அப்போது இங்கிலீஷ் என்றால் ஒரு தலைக்கனம். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். வெப்ப நாடுகளில் தடித்த எண்ணெய், குளிர் நாடுகளில் மெல்லிய எண்ணெய் என்று போட்டிருந்தது. "இலங்கை வெப்ப நாடு" என்று தீர்ப்பு வழங்கினேன். டாக்டர் தடித்ததை ஊற்றினார். அன்று நல்ல வெயில். துரையே ஏறி உட்கார்ந்து புல்தரையை இரண்டு சுற்றுச் சுற்றினார். அவர் மனைவி துரைசாணி கைதட்டினார்.

அடுத்த நாள் மலையில் பனிமூட்டம் இறங்கியது. ஒரு வாரம் சூரியனையே காணோம். புல்வெட்டியின் ஹேண்டில் அரைச் சுற்றுப் போய் நின்றுவிடும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களில் தோட்டத்திலேயே பலசாலியான இரண்டு பேர் சேர்ந்து பிடித்துச் சுற்றிப் பார்த்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறது போல ஒரு சத்தம் வந்ததே ஒழிய இஞ்சின் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை கம்பெனியின் பெரிய துரை வருகிறார். புல்லோ கணுக்காலுக்கு மேலே வளர்ந்துவிட்டது. எங்கள் துரைக்கு முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. டாக்டரைக் காட்டி, இஞ்சினைத் தொட்டவன் இவன் ஒருவன்தான், கெடுத்தவனும் இவன்தான், வெள்ளிக்கிழமை காலைக்குள் ஓடாவிட்டால் பத்துச்சீட்டு என்று சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு என்றால் வேலை நீக்கம். வேலை போனால், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவும் போய்விடும். டாக்டரின் மனைவிக்கு அப்போது எட்டு மாதம்.

டாக்டர் பதறவில்லை. என்னிடம் திரும்பி, "தொரைகிட்ட சொல்லுங்கய்யா. நான் இவங்ககிட்ட கொஞ்சம் பேசணும். ரெண்டு நாள் போதும்" என்றார்.

இங்கேதான் வினை. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆளோடு ஆள் கதைப்போம். பேசுவது என்றால் ஏசுவது, திட்டுவது. வாத்தியார் பேசிப்போட்டார் என்று பிள்ளை அழுதுகொண்டு வரும். நான் அப்படியே இங்கிலீஷில் துரையிடம் சொன்னேன்: "ஐயா, இவர் இஞ்சினைத் திட்ட வேண்டுமாம். அதற்கு இரண்டு நாள் ஆகுமாம்."

துரை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சம்மதித்தார். தோட்டத்தை அவரும் அதே முறையில்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தத் திட்டைக் கேட்பதற்கென்றே துரை, புல்வெட்டி நின்ற கொட்டகைக்கு வந்துவிட்டார். டாக்டர் முழங்காலிட்டு, குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, என்ன செய்யுது? சொன்னாத்தான தெரியும்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"இதுதான் திட்டா?" என்று கேட்டார் துரை.

"இது ஆரம்பம், ஐயா" என்றேன்.

"சுருக்கா" என்றார் துரை. அவருக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ச் சொல் அது ஒன்றுதான். அவர் போனதும் டாக்டர் இஞ்சினிலிருந்து எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தார். கித்துள் பனையின் வெல்லப் பாகு மாதிரி கட்டியாகத் தொங்கிற்று எண்ணெய். சொட்டவே இல்லை. அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மப்ளரால் காதை மூடிக்கொண்டு, பல் கிட்டித்துப்போய் நின்றேன்.

"ஏங்கய்யா, நம்ம ஊரு சூடுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. "நான்தான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். இப்ப என்ன காணும் செய்யிறது?" என்றேன்.

"கெட்டி எண்ணெய எடுத்துட்டு லேசான எண்ணெய ஊத்துறது. வேற என்னாங்க?"

"துரை கேட்டால்?"

"நீங்க வாயத் தொறக்காதீங்க. ஒங்களுக்கு இதான மொத உத்தியோகம். ஊர்ல அப்பா அம்மா நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளும் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எனக்கு வேலை போனால் சாவகச்சேரிக்கு ரயில் ஏறலாம். வயிற்றுப்பிள்ளைக்காரியோடு அவர் எந்த ரயிலில் ஏறுவார்?

வெள்ளிக்கிழமை காலை. எதிரே நிற்கும் ஆள் தெரியாத பனி. துரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். டாக்டர் ஹேண்டிலைப் போட்டார். "வாங்கம்மா" என்றார். ஒரே சுற்று. இஞ்சின் பிடித்து, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர ஓடியது. துரைசாணி மறுபடி கைதட்டினார்.

துரை விடவில்லை. என்ன பழுது என்று கேள், என்றார். கேட்டேன்.

டாக்டர் துரையைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்பு என்னோடதுங்க தொர. எண்ணெய நான்தான் மாத்தி ஊத்திட்டேன்."

துரை என் பக்கம் திரும்பி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாக்கியத்தை அப்படியே இங்கிலீஷில் சொன்னால், புல்வெட்டி ஓடினாலும் பத்துச்சீட்டு நிச்சயம். துரை அப்படிப்பட்ட ஆள்.

"ஐயா," என்றேன் இங்கிலீஷில், "கிளார்க் புத்தகத்தைப் பிழையாகப் படித்துவிட்டார் என்று சொல்கிறார். எண்ணெய் மாறியது கிளார்க்கினால். இவர் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறார்."

அதற்குப் பிறகு துரை சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினார். லண்டன்காரனுக்கு ஒரு வாயில் இவ்வளவு வார்த்தை இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டேன். வேலையைவிட்டு நீக்கவில்லை. புத்தகத்தில் எண்ணெயைப் பற்றிய அந்தப் பக்கத்தை நூறு தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு டாக்டரின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பங்களாவுக்குள் போனார்.

நாங்கள் இருவரும் கீழே இறங்கி நடந்தோம்.

"ஐயா, நான் சொன்னது ஒண்ணு. நீங்க சொன்னது வேற ஒண்ணு" என்றார் டாக்டர்.

"உமக்கு இங்கிலீஷ் தெரியுமோ?"

"தெரியாதுங்க. ஆனா நான் செஞ்ச தப்புக்குத் தொர ஒங்களயா திட்டுவாரு?"

பனியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லயம் வந்தது. தன் காம்பரா வாசலில் அவர் நின்றார். உள்ளே அவர் மனைவி, பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க தம்பி" என்றார் டாக்டர். "ஒரு வாய் சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

பால் இல்லாத தேநீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டி. கிளார்க் லயத்துக்குள் போய் உட்கார்ந்து தேநீர் குடிப்பது அந்தக் காலத்தில் வழக்கமே இல்லை. நான் இரண்டு கோப்பை குடித்தேன்.